கம்ப்ரசர் நின்றாலும் மூச்சு நிற்கக் கூடாது: சங்குகுளித் தொழிலாளர் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறைக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர்களுக்கும், படகு உரிமையாளர்களுக்கும், சங்கு வியாபாரிகளுக்கும் மன்னார் வளைகுடாக் கரையின் சங்குகுளித் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் முன்வைப்பது:

பஞ்சர் கடையில் லாரி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர்தான் எங்கள் படகிலும் இருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, பெல்ட் சுற்றுகிறது, சின்ன டாங்கியில் காற்று ஏறுகிறது, அங்கிருந்து ஒரு பிளாஸ்டிக் டியூப் கடலுக்குள் இறங்குகிறது. டியூப்பின் மறுமுனையிலுள்ள ரெகுலேட்டரை வாயில் கடித்தபடி பத்துப் பாகம் ஆழத்தில் ஒருவர் மணலைத் துழாவிச் சங்கு எடுக்கிறார். பெல்ட் அறுந்தால், டீசல் தீர்ந்தால், டியூப் நங்கூரக் கயிற்றில் சிக்கி மடங்கினால், வேறு படகின் விசிறி அதை வெட்டினால், அவரிடம் மிஞ்சுவது நெஞ்சுக்குள் இருக்கிற அந்த ஒரு மூச்சு மட்டும்.

இதே கடலில் சுற்றுலாப் பயணிகளும் ஸ்கூபா உடை மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். முதுகில் சிலிண்டர், மீதமுள்ள காற்றைக் காட்டும் மீட்டர், தன் ரெகுலேட்டர் பழுதானால் கடித்துக்கொள்ளப் பக்கத்திலிருப்பவரிடம் உபரியாக ஒரு ரெகுலேட்டர், கூடவே ஒரு பயிற்றுநர். காற்று தீர்ந்தால் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்ட வேண்டும் என்று இறங்குவதற்கு முன்பே சொல்லித் தருகிறார்கள். நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். அரை மணி நேரம் மீன் பார்க்க வந்தவருக்கு இரண்டு வழி வைத்திருக்கும் கடலில், நாள் முழுக்க வேலை செய்பவருக்கு ஏன் ஒரே வழி என்பதுதான் எங்கள் கேள்வி.

‘கம்ப்ரசரைத் தடை செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காகிதத்தில் தீரும். கரைக்குப் பக்கத்தில் மூச்சடக்கி எடுக்கக் கூடிய சங்கு குறைந்துகொண்டே வருகிறது. ஆழத்துக்குப் போனால்தான் அன்றைய பாடு. கல்கத்தாவுக்கும் பிஷ்ணுபூருக்கும் போய் வளையலாகிற சங்கை யாரோ ஒருவர் அடியில் போய்த்தான் எடுத்தாக வேண்டும். தடை போட்டால் கம்ப்ரசர் தார்ப்பாயின் கீழே ஒளியும். பழுது பார்க்கவோ சோதிக்கவோ வெளியே வராது. விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயப்படுவார்கள். நாங்கள் கேட்பது தொழிலை ஒழுங்குபடுத்துவது. அதன் நடுவில் இருக்கும் கோரிக்கை ஒன்றுதான்: நீருக்கு அடியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது காற்று.

ஏன் அதையே முதலில் வைக்கிறோம் என்பதைக் கணக்காகச் சொல்கிறோம். அதிகாரிகள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஒரு மடங்கு கூடும். பத்துப் பாகம் என்பது சுமார் 18 மீட்டர். அங்கே மேலே இருப்பதைப் போல 2.8 மடங்கு அழுத்தம். வேலை செய்கிற ஆள் கரையில் நிமிடத்துக்கு 25 லிட்டர் காற்று இழுப்பார் என்றால், அடியில் அவருக்கு 70 லிட்டர் வேண்டும். படகில் 50 லிட்டர் டாங்கி இருக்கிறது, அதில் 7 மடங்கு அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். எஞ்சின் நின்றுவிட்டது. டாங்கியின் அழுத்தம் அடியிலுள்ள அழுத்தத்தை நெருங்கும்போது டியூப்பில் காற்று வராது. ஆகவே உண்மையில் பயன்படுவது ஏறத்தாழ 160 லிட்டர். ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரே கம்ப்ரசரில் இரண்டு டியூப் ஓடினால் ஒரு நிமிடம். பாதுகாப்பான வேகமான நிமிடத்துக்கு 9 மீட்டரில் ஏறினால் மேலே வர 2 நிமிடம் ஆகும். எஞ்சின் நின்றதை மேலே இருப்பவர் உடனே கவனிக்க வேண்டும், கீழே இருப்பவருக்குத் தெரியப்படுத்த வேண்டும், அவர் கையிலிருக்கும் வலைப்பையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இவ்வளவும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடங்குமா?

அடங்காதபோது நடப்பது எங்களுக்குத் தெரியும். மூச்சு இழுக்க இழுக்க வராது. பதறிப்போய் டியூப்பைத் துப்பிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, காலால் உதைத்து மேலே பாய்வார். 18 மீட்டரில் நெஞ்சு நிறைய இருந்த காற்று மேலே வர வர விரிந்து ஏறக்குறைய மூன்று பங்காகிறது. வெளியேற வழியில்லாத அந்தக் காற்று நுரையீரலைக் கிழிக்கிறது. குமிழிகள் ரத்தத்தில் புகுந்து மூளைக்கு ஏறுகின்றன. படகின் விளிம்பைக் கையால் பிடித்த ஆள் அடுத்த கணம் நினைவிழந்து சரிவது இதனால்தான். அவர் நீர் குடிக்கவில்லை, நீச்சலும் தெரியாதவர் அல்ல. ஆகவே இப்படிப்பட்ட மரணங்கள் ‘கடலில் மூழ்கி இறந்தார்’ என்ற ஒற்றை வரிக்குள் அடைக்கப்படக் கூடாது என்பதையும் இங்கேயே பதிவு செய்கிறோம். குளிக்கும்போது நேரும் ஒவ்வொரு மரணத்திலும் கம்ப்ரசர், டியூப், ரெகுலேட்டர் மூன்றையும் கைப்பற்றிச் சோதிக்க வேண்டும். உடற்கூராய்வில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

இனி, இரண்டாவது காற்று என்றால் எது? இடுப்பிலோ முதுகிலோ கட்டிக்கொள்ளும் 3 லிட்டர் சிலிண்டர், அதற்கென்று தனி ரெகுலேட்டர். 200 மடங்கு அழுத்தத்தில் நிரப்பினால் அதில் 600 லிட்டர் இருக்கும். பத்துப் பாகத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் வரும். நிதானமாக ஏறவும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவும் அது போதும். பதிவு பெற்ற ஒவ்வொரு குளியாளுக்கும் இதை மானியத்தில் வழங்க வேண்டும் என்று கோருகிறோம். வழங்கினால் மட்டும் போதாது. சிலிண்டரை நிரப்பவும், குறித்த காலத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்யவும் தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் தலா ஒரு நிலையம் வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அந்தச் சிலிண்டர் வீட்டுத் திண்ணையில் துருப்பிடித்துக் கிடக்கும். இலவசமாக வந்த எத்தனையோ சாமான்களின் கதி எங்களுக்குத் தெரியாததா?

சிலிண்டரோடு சேர்ந்து வர வேண்டியது கையளவு சாமான் ஒன்று: டியூப் ரெகுலேட்டரில் சேரும் இடத்தில் ஒருவழி வால்வு. மேலே டியூப் அறுந்தால் அதிலுள்ள அழுத்தம் சட்டென்று கடல்மட்ட அளவுக்கு இறங்கிவிடும். வால்வு இல்லையென்றால் காற்று குளியாளின் வாயிலிருந்து மேல்நோக்கி உறிஞ்சப்படும். இந்த வால்வின் விலை ஒரு நாள் டீசல் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. மானியம் வரட்டும் என்று காத்திருக்காமல் படகு உரிமையாளர்கள் நாளைக்கே மாட்டலாம், மாட்ட வேண்டும்.

அடுத்தது நாங்கள் மூச்சிழுக்கும் காற்றைப் பற்றியது. காற்று நிற்பது ஒரு ஆபத்து என்றால், கெட்ட காற்று வந்துகொண்டே இருப்பது அதைவிடப் பெரியது. நின்றால் தெரியும், கெட்டால் தெரியாது. எஞ்சின் புகைபோக்கிக்கும் கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய்க்கும் நடுவே எங்கள் படகில் எவ்வளவு இடைவெளி என்று வந்து பாருங்கள். காலையில் வாடைக் காற்றில் புகை ஒரு பக்கம் போகும். மதியம் காற்று மாறினாலோ, நங்கூரத்தில் படகு திரும்பினாலோ அதே புகை நேராகக் கம்ப்ரசருக்குள் போகும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் சிவப்பணுவை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். அடியில் இருக்கும்வரை அழுத்தத்தால் ஆக்சிஜனும் கூடுதலாகக் கிடைப்பதால் ஆள் ஓரளவு சமாளிப்பார். மேலே ஏறத் தொடங்கியதும் அந்தத் தாங்கல் போய்விடும். தலை சுற்றி, கண் இருண்டு, நடு வழியிலேயே கை தளரும். ஐரோப்பாவில் மூச்சுக் காற்றுக்கான தரத்தில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் டியூப்பில் எத்தனை பங்கு வருகிறது என்று அளந்து சொல்லுங்கள் என்பதே இதில் எங்கள் முதல் கட்டக் கோரிக்கை. கையடக்கக் கருவியோடு ஓர் அலுவலர் மாதம் ஒருமுறை தூத்துக்குடி திரேஸ்புரத்துக்கு வந்து, படகு படகாக அளந்து, அளவைப் படகின் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடட்டும்.

அளப்பதோடு நிற்காமல், உறிஞ்சு வாய்க்கு உயரமான குழாய் மாட்டி, புகைக்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சூடேறினால் ஆவியாகி நெஞ்சுக்குள் போகும் சாதாரண எஞ்சின் ஆயிலைக் கம்ப்ரசரில் ஊற்றக் கூடாது. எண்ணெய் தேவைப்படாத கம்ப்ரசர், அல்லது மூச்சுக்காற்றுக்கென்றே உள்ள எண்ணெய், அதோடு கரி வடிகட்டி. டயர் கம்ப்ரசரைக் கொடுத்துவிட்டு மூச்சுக்காற்று கம்ப்ரசரை வாங்க நினைக்கும் உரிமையாளருக்குக் கூட்டுறவு வங்கிக் கடனும் பாதி விலை மானியமும் வேண்டும். புகைக்கு ஈரத்துணி கட்டி வடிகட்டினோம் என்று இனி யாரும் சொல்லக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஈரத்துணியில் நிற்காது.

மூன்றாவதாகக் கேட்பது ஓர் ஆள். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளியாளுக்கு ஒருவர் கயிறு பிடிப்பார். மைத்துனன் கையில்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று கரையில் இன்றைக்கும் சொல்லக் கேட்கலாம். தங்கை தாலி அவன் கையில் இருக்கிறது, தூங்க மாட்டான் என்ற கணக்கு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961 இல் நடந்தது. அதற்குப் பிறகு எஞ்சின் வந்தது, டியூப் வந்தது. கயிறு பிடிக்கும் ஆள்தான் காணாமல் போனார். இப்போது மேலே இருப்பவர் எஞ்சினையும் பார்க்க வேண்டும், சோறும் ஆக்க வேண்டும், மேலே வந்த சங்கையும் எண்ண வேண்டும். இது கூடாது. அடியில் ஆள் இருக்கும்வரை வேறு வேலை எதுவும் பார்க்காத ஒரு காவல் ஆள் ஒவ்வொரு படகிலும் இருக்க வேண்டும். அவருக்கும் முழுப் பங்கு உண்டு என்று உரிமையாளர்கள் எழுதித் தர வேண்டும். டியூப்போடு சேர்த்து ஒரு சைகைக் கயிறும் இறங்க வேண்டும். உலகில் பல இடங்களில் டைவர்கள் கயிற்றில் நான்கு இழுப்பு இழுத்தால் ‘என்னைத் தூக்கு’ என்று பொருள். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே இரண்டு பக்கமும் ஒரே சைகையை எல்லாப் படகுகளிலும் பழக்க வேண்டும். கீழே ஆள் இருக்கிறார் என்று காட்டும் கொடி இல்லாத படகு சங்கு கிடக்கும் கடலடிப் பார் மேல் நங்கூரமிடக் கூடாது. கொடி கண்ட விசைப்படகு விலகிப் போக வேண்டும்.

பயிற்சி. இந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு நாள் முகாம், ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ என்று நினைத்துவிட வேண்டாம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அங்கே எங்களுக்குத் தமிழில், நீருக்குள் இறக்கி, பத்து நாள் பயிற்சி வேண்டும். அந்தப் பத்து நாளும் அடுப்பு எரிய வேண்டும் என்பதால் தினப்படியோடு வேண்டும். சொல்லித்தர வேண்டியவை நிறைய இல்லை. ஆனால் உடம்பு தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். காற்று குறைகிறது என்று தெரிந்த கணத்தில் நின்று, கையிலிருப்பதை விட்டுவிட்டு, இரண்டாவது ரெகுலேட்டரைக் கடிப்பது. அது எட்டாதபோது பக்கத்திலிருப்பவரிடம் சைகை காட்டி அவருடைய காற்றைப் பகிர்ந்து இருவரும் சேர்ந்து ஏறுவது. யாருமே இல்லையென்றால் ரெகுலேட்டரைத் துப்பாமல், தலையை நிமிர்த்தி, ‘ஆ’ என்று மெல்ல ஒலி எழுப்பிக் காற்றை வெளியே விட்டுக்கொண்டே ஏறுவது. மேலே வர வர வெளியழுத்தம் குறைவதால் டியூப்பிலும் நெஞ்சிலும் இன்னும் கொஞ்சம் காற்று கிடைக்கும். பதறாதவருக்குத்தான் அது உதவும். கடைசியில் சொன்ன இந்த ‘ஆ’ ஒன்றையாவது ஒவ்வொரு குளியாளும் 5 மீட்டர் ஆழத்திலிருந்து பத்து முறை செய்து பழகியிருந்தால், கிழிந்த நுரையீரலோடு கரைக்கு வருபவர்கள் குறைவார்கள்.

மருத்துவம் பற்றி. பாரிலிருந்து கரை சேரவே ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆகும் இடங்கள் உண்டு. அதுவரை படகில் எங்களுக்கு இருக்கும் சிகிச்சை சுடுதண்ணீரும் தைலமும்தான். கால் மரத்தவரை ‘திரும்பவும் இறக்கினால் சரியாகிவிடும்’ என்று கடலுக்குள்ளேயே அனுப்பும் பழக்கமும் இருக்கிறது. சிலருக்கு வலி விடுகிறது என்பதால் அது நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. பாதி நினைவோடு இருப்பவரை மறுபடி அதே கம்ப்ரசரை நம்பி இறக்குவது எப்படிப்பட்ட சூதாட்டம் என்று யாரும் எங்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. படகில் இருக்க வேண்டியது மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரும், முகத்தோடு ஒட்டி உட்காரும் மாஸ்க்கும். கார்பன் மோனாக்சைடு ரத்தத்திலிருந்து பாதியாகக் குறையச் சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். நைட்ரஜன் குமிழியால் மூட்டு வலிப்பவருக்கும் கால் மரத்தவருக்கும் முதல் மருந்து அதே ஆக்சிஜன்தான். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்தபடியே கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

கரைக்கு வந்த பிறகு? நைட்ரஜன் குமிழியால் வரும் இந்த அழுத்த நோய்க்கு உயர் அழுத்த ஆக்சிஜன் அறை வேண்டும். உலகம் முழுதும் பயன்படும் அமெரிக்கக் கடற்படையின் சிகிச்சை அட்டவணைப்படி நோயாளியை அந்த அறைக்குள் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்துக்குக் கொண்டுபோய், ஐந்து மணி நேரம் போல எடுத்து அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைப்பார்கள். அதாவது எங்கள் பத்துப் பாகத்தை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவருவது. எங்களுக்கு மிக அருகில் அந்த அறை எங்கே இருக்கிறது, அரசுடையதா தனியாருடையதா, இரவு 2 மணிக்குப் போனால் திறந்து இயக்க ஆள் உண்டா, செலவு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்ற நான்கு கேள்விக்கும் பதிலை எழுதிச் சங்குகுளி நடக்கும் ஒவ்வொரு இறங்குதுறையிலும் பலகையாக மாட்டுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் அப்படிப்பட்ட அறை இருப்பதை உறுதி செய்யுங்கள். 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் கடலோர ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: ‘கடலில் எத்தனை பாகம், எவ்வளவு நேரம் இருந்தார்?’ பக்கவாதம் என்று எழுதிப் படுக்கவைத்து ஒரு நாளை இழப்பதை அந்த ஒரு கேள்வி தடுக்கும்.

காப்பீடு, பதிவு, பணம் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் உண்டு; நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம். அழுத்த நோயால் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவரும், கெட்ட காற்றால் இறந்தவரும் ‘விபத்து’ என்பதற்குள் தெளிவாக வர வேண்டும். மீனவர் நல வாரிய அட்டையில் ‘குளியாள்’ என்று தொழிலைத் தனியாகக் குறிக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்டால், சங்கு வியாபாரத்தைக் காட்டுகிறோம்: சங்குக் கிடங்கிலிருந்து வெளியூர் போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைக் குளியாள் பாதுகாப்பு நிதிக்குப் பிடியுங்கள். தொழிலாளர் பங்கிலிருந்து பிடிக்கக் கூடாது.

சுற்றுலா ஸ்கூபா நடத்துவோரிடம் ஒரு வார்த்தை. உங்கள் பயிற்றுநர்களில் பலர் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். காலையில் பயணிகளோடும் மாலையில் எங்களோடும் இறங்குகிறவர்களும் உண்டு. உங்கள் கம்ப்ரசரின் வடிகட்டி மாற்றிய தேதியும் சிலிண்டரின் சோதனைத் தேதியும் பயணி கண்ணில் படும்படி எழுதியிருக்கட்டும்.

எங்கள் பக்கத்துக் கடமையையும் எழுதித் தருகிறோம். தனியாக ஒருவரும் இறங்க மாட்டோம். குடித்தவரை இறக்க மாட்டோம். டியூப்பைப் படகில் ஏற்றுவதற்கு முன் முழு நீளத்தையும் கையால் உருவிப் பார்ப்போம். கால் மரத்தவரை மறுபடி கடலுக்குள் அனுப்ப மாட்டோம். 2001 முதல் தடையில் இருக்கும் கடல் அட்டையைத் தொட மாட்டோம். அதை எடுக்கச் சொல்லி நெருக்கும் உரிமையாளரின் படகில் வேலைக்குப் போக மாட்டோம். இதில் தவறுகிற எங்கள் ஆட்களின் உரிமத்தை நிறுத்தி வைத்தால் எதிர்த்துக் கொடி பிடிக்க மாட்டோம்.

அடுத்த சங்கு சீசன் தொடங்குவதற்குள் மீன்வளத் துறையும் சுகாதாரத் துறையும் படகு உரிமையாளர்களும் வியாபாரிகளும் நாங்களும் ஒரே மேசையில் உட்காரும் கூட்டத்தை மாவட்ட ஆட்சியர் கூட்ட வேண்டும். ஒருவழி வால்வு, காவல் ஆள், படகில் ஆக்சிஜன், காற்றுச் சோதனை ஆகிய நான்கையும் அன்றைக்கே உத்தரவாக வெளியிடலாம்; இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. சிலிண்டருக்கும் மருத்துவ அறைக்கும் கால வரம்பு குறித்துத் தாருங்கள். கூட்டத்தின் தேதியைச் சொல்லுங்கள். வரும்போது எங்கள் படகுக் கம்ப்ரசர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வருகிறோம், உங்கள் கருவியால் அங்கேயே அளந்து பாருங்கள்.